டொமினோவைக் கற்றல்: பெயரும் இலக்கணமும்

நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பிரித்துக் காட்டும் பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கருக்கு. நெய்யரி என்றதும் மாணவர்கள் விழிப்பார்கள். நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் தேக்கிக்கொள்ளும் பன்னாடை அது என்று விளக்கியதும் சிரிப்பார்கள். சிரித்து முடித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் கேட்கக்கூடிய வினா அல்லவா!

அந்த நெய்யரி பாடநூலை விட்டு வெளியே வந்து நம்மை உறுத்தியது ஒரு மென்பொருளின் வாயிலாக. லோட்டஸ் நோட்ஸ் என்றும் அதன் சர்வர் பகுதி டொமினோ என்றும் பெயர்பெற்ற மென்பொருள் அது. ஓர் அலுவலகத்தின் கடிதங்கள், கோப்புகள், ஒப்புதல்கள், கலந்துரையாடல்கள் யாவும் ஒரே இடத்தில் புழங்குவதற்காக உருவானது. தமிழ் கற்பிப்பவருக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை நமக்கன்று, நம்மிடம் படித்த ஒருவருக்கு.

அவர் 2006-இல் நம் கல்லூரியில் கணிதத்தில் இளநிலை முடித்தவர். பகுதி ஒன்று தமிழை நம்மிடம் பயின்றார். பின்னர் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம் டொமினோவுக்கான வலைநிரல் எழுதக் கற்று வேலையில் சேர்ந்தார். பதினோராண்டுகள் ஒரே நிறுவனத்தில், ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக உழைத்தார். அவ்வாடிக்கையாளர் டொமினோவை விட்டு வேறு தளத்துக்கு மாறியபோது இவரைச் சில மாதங்கள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதன்பின் விலகல் கடிதம் கேட்டார்கள். 2018-இல் ஒரு சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்தவர் நம்மைப் பார்க்கத் துறைக்கும் வந்தார்.

"எனக்கு டொமினோ மட்டுந்தான் தெரியும் ஐயா. நேர்முகத்தில் வேறென்ன தெரியும் என்று கேட்கிறார்கள். நீங்கள் வகுப்பில் சொன்ன நெய்யரி நான்தான்" என்றார்.

அவரோடு அதே பயிற்சி நிலையத்தில், அதே வகுப்பில், அதே அச்சடித்த குறிப்புகளைப் படித்த நண்பர் ஒருவர் வேறு வகைத் தரவுத்தளங்களுக்கு மாறி நல்ல நிலையில் இருப்பதாகவும் கூறினார். அவர் குரலில் பொறாமை இல்லை, வியப்பு இருந்தது. ஒரே பாடம் இருவரை எப்படி இவ்வளவு வேறான இடங்களுக்குக் கொண்டுபோயிற்று என்னும் அவ்வியப்பு நம்மையும் பற்றிக்கொண்டது. இக்கட்டுரை அதற்கு நாம் கண்ட விடை.

*

நோட்ஸ் பிறந்த கதை ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்னும் பெயரில் கணினிவழிக் கல்வி அமைப்பு ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு குறிப்பை எழுதிவைக்கவும் மற்றவர் அதன்கீழ் மறுமொழி எழுதவும் இடந்தரும் நிரல் ஒன்றை டேவிட் வூலி 1973-இல் அதற்காக எழுதினார். அங்கே மாணவராக இருந்து அதில் பழகிய ரே ஓஸி 1984-இல் ஐரிஸ் அசோசியேட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, லோட்டஸ் நிறுவனத்தின் பொருளுதவியோடு அதே எண்ணத்தை அலுவலகங்களுக்காக வளர்த்தெடுத்தார். 1989-இன் இறுதியில் நோட்ஸின் முதற்பதிப்பு வந்தது. 1995-இல் லோட்டஸ் நிறுவனத்தை ஐபிஎம் 350 கோடி டாலருக்கு வாங்கியது. 1996 டிசம்பரில் வந்த 4.5ஆம் பதிப்பில் சர்வர் பகுதி டொமினோ என்று பெயர் பூண்டது. நோட்ஸ் மென்பொருளைக் கொண்டு திறந்துவந்த ஆவணங்களை இணைய உலாவியிலும் திறக்கலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது.

டொமினோ வலைநிரலாளர் என்னும் தொழில் அன்றுதான் பிறந்தது. வலைக்கு முன்பே ஒரு முழு உலகமாக வளர்ந்துவிட்ட அமைப்பின்மீது வலையை ஏற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால் கற்பவர் இரண்டு அடுக்குகளைக் கற்றாக வேண்டும். மேலடுக்கில் இருப்பவை உலாவிக்கான உத்திகள். அடியில் இருப்பது அவ்வமைப்பின் இலக்கணம்.

பயிற்சி நிலையத்தில் நம் மாணவர் கற்றது மேலடுக்கு. உலாவியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், 'படிவம் ஏற்கப்பட்டது' என்னும் பொருளில் டொமினோ ஒற்றை வரியை ஆங்கிலத்தில் காட்டும். அதை மாற்ற, இரட்டை டாலர் குறியோடு 'ரிட்டர்ன்' என்னும் பெயரில் ஒரு புலத்தைப் படிவத்தில் வைக்க வேண்டும். இதுதான் முதல் பாடம். பக்கம் திறக்குமுன் ஓடும் ஏஜென்ட், சேமிக்கும்போது ஓடும் ஏஜென்ட், அட் குறியோடு தொடங்கும் சூத்திரங்கள், பேசிக் மொழியின் சாயலில் அமைந்த லோட்டஸ்கிரிப்ட் என்று பாடங்கள் தொடர்ந்தன. அத்தனையும் வேண்டியவையே. ஆனால் அவற்றில் பல, டொமினோவுக்கு வெளியே ஒரு காசு பெறாதவை.

*

அடியில் இருந்த இலக்கணத்தை நாம் அறிந்தது சென்ற கோடை விடுமுறையில். அதற்குள் அவர் மீண்டும் டொமினோ வேலைக்கே திரும்பியிருந்தார். அது எப்படி என்பதைப் பின்னர் சொல்வோம். அவருடைய மடிக்கணினியில் நாமிருவரும் சேர்ந்து சிறிய பயன்பாடு ஒன்றை அமைத்துப் பார்த்தோம். முதுகலை மாணவர் தம் ஆய்வுக் கட்டுரையை இயல் இயலாக இடுவார், நெறியாளர் திருத்துவார், புறத்தேர்வாளர் குறிப்பெழுதுவார். இவ்வளவுதான் அதன் வேலை.

முதலில் புரிந்தது ஆவணம் என்னும் கருத்து. வழக்கமான தரவுத்தளத்தில் அட்டவணை முன்னே, செய்தி பின்னே. கட்டம் போட்ட பிறகுதான் அதில் எதையும் இட முடியும். டொமினோவில் ஆவணமே முதல். ஓர் ஆவணத்தில் பத்துப் புலங்கள் இருக்கலாம். பக்கத்து ஆவணத்தில் பதின்மூன்று இருக்கலாம். படிவம் என்பது அதைப் பார்க்க உதவும் சாளரம் மட்டுமே. படிவத்திலிருந்து ஒரு புலத்தை நீக்கினால், ஏற்கெனவே சேமித்த ஆவணங்களில் அச்செய்தி அப்படியே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரே மூலத்தை இளம்பூரணர் வழியாகவும் நச்சினார்க்கினியர் வழியாகவும் பார்க்கப் பழகிய நமக்கு இது எளிதாகவே விளங்கியது. உரை மாறினாலும் மூலம் மாறுவதில்லை.

இரண்டாவது, முகவரி. டொமினோவில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் 32 எழுத்துகளாலான தனி அடையாளம் உண்டு. உலாவியில் சர்வரின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், காட்சியின் பெயர், ஆவணத்தின் அடையாளம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒரு கேள்விக்குறி இட்டு, அதன்பின் திற என்றோ திருத்து என்றோ ஏவலைச் சேர்க்க வேண்டும். இடம் முதலில், பொருள் அடுத்து, வினை இறுதியில். தமிழ்த் தொடரைப் போலவே பயனிலையில் முடியும் இம்முகவரி அமைப்பை நம் மாணவர் பதினோராண்டுகள் தட்டச்சு செய்திருக்கிறார். அது ஒரு தொடர் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவதுதான் இன்றியமையாதது: உரிமை. டொமினோவின் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அணுகல் பட்டியல் உண்டு. அதில் ஏழு படிகள். அனுமதியே இல்லாதவர், டெபாசிட்டர், ரீடர், ஆதர், எடிட்டர், டிசைனர், மேனேஜர். டெபாசிட்டர் என்பவர் ஆவணத்தை இடலாம். எதையும் படிக்க முடியாது, தாம் இட்டதைக்கூட. தேர்வுக்கூடத்தில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறும் மாணவரின் நிலை அது. ஆதர் நிலை அதைவிட வேடிக்கையானது. ஆவணத்தை எழுதியவர் அவரே ஆனாலும், அதிலுள்ள ஆசிரியர் புலத்தில் அவர் பெயர் இல்லையென்றால் மறுநாள் அதைத் திருத்த முடியாது. புதிதாகக் கற்பவர் பலர் தடுமாறும் இடம் இது. இவற்றோடு, ஆவணத்தினுள்ளேயே வாசகர் புலம் ஒன்றை வைத்து, அதில் பெயருள்ளோரைத் தவிர மற்றவர் கண்ணில் அவ்வாவணமே படாதபடி செய்யலாம்.

நாம் அமைத்த பயன்பாட்டில் புறத்தேர்வாளரின் குறிப்பை மாணவர் காணக்கூடாது. அதற்கென்ன, மாணவர் திறக்கும்போது அப்புலம் மறைய வேண்டும் என்று ஒரு மறைப்புச் சூத்திரம் எழுதினால் போயிற்று என்றோம். அவர் சிரித்தார். எழுதச் சொன்னார், எழுதினோம். உலாவியில் திறந்தால் குறிப்பு தெரியவில்லை. மகிழ்ந்தோம். பிறகு அவர் நோட்ஸ் மென்பொருளில், மாணவரின் பெயரிலேயே நுழைந்து, அதே ஆவணத்தின் பண்புப் பெட்டியைத் திறந்தார். புலங்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. தேர்வாளர் குறிப்பு என்பதைச் சொடுக்கியதும் நாம் எழுதிய கடுமையான தொடர் முழுவதும் திரையில் வந்தது.

மறைப்பது வேறு, காப்பது வேறு. மறைப்புச் சூத்திரம் பக்கத்தின் அழகுக்காக ஏற்பட்டது, பாதுகாப்புக்காக அன்று. வாசகர் புலமோ முழு ஆவணத்துக்கும் உரியது. அதன் ஒரு பகுதியை மட்டும் காக்க அதனால் இயலாது. ஆகவே தேர்வாளர் குறிப்பைத் தனி ஆவணமாகப் பிரித்து, கட்டுரைக்கு மறுமொழியாக இணைத்து, அதற்கு மட்டும் வாசகர் புலம் இட வேண்டும். ஒரு சூத்திரத்தில் முடிந்துவிடும் என்று நாம் நினைத்த வேலைக்கு அமைப்பையே மாற்றிச் சிந்திக்க வேண்டியிருந்தது.

இது வீட்டு விளையாட்டில் மட்டும் நேரும் பிழையன்று. 2005-இல் டொமினோவின் 5, 6ஆம் பதிப்புகளைப் பற்றி ஒரு பாதுகாப்புக் குறைபாடு வெளியிடப்பட்டது. எல்லாப் புலங்களையும் எச்டிஎம்எல்லாக வெளியிடும் அமைப்பைத் தேர்ந்திருந்தால், பயனர் விவரப் பக்கத்தின் மூலநிரலில் கடவுச்சொல்லின் குறிமாற்ற வடிவம் மறைபுலமாகக் கிடந்தது. பக்கத்தில் தெரியவில்லை, மூலநிரலைப் பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரிந்தது. ஓர் அலுவலகத்தின் நோய் விடுப்பு விண்ணப்பங்களும் சம்பள விவரங்களும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளும் இத்தகைய ஆவணங்களில்தான் வாழ்கின்றன என்பதை நினைத்தால், இதை உத்தியாக மட்டும் கற்றுத் தருவது எத்தனை பேரின் மானத்தோடு விளையாடுவது என்பது விளங்கும்.

நான்காவது, ரெப்ளிகேஷன் என்னும் படியெடுப்பு. ஒரே தரவுத்தளத்தின் படிகள் பல ஊர்ச் சர்வர்களில் இருக்கும். அவை அவ்வப்போது சந்தித்து, தத்தம் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும். இரண்டு ஊர்களில் இருவர் ஒரே ஆவணத்தை ஒரே காலத்தில் திருத்திவிட்டால்? டொமினோ ஒன்றை அழித்துவிடுவதில்லை. மிகுதியான முறை திருத்திச் சேமித்த படியைத் தலைமை ஆவணமாக்கும். எண்ணிக்கை சமமானால் பிந்திச் சேமித்ததை. மற்றதை முரண் ஆவணம் என்று குறியிட்டு அதன்கீழ் வைக்கும். எது சரி என்பதை மனிதர் படித்து முடிவு செய்ய வேண்டும்.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர் இதைக் கேட்டால் புன்னகை செய்வார். ஊருக்கு ஊர் படியெடுத்த ஏடுகள் வேறுபட்டதும், உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் நாம் அறிந்தவை. ஒன்றைத் தேர்ந்தாலும் மற்றதை அழிக்காமல் பாடவேறுபாடாகக் குறிப்பதுதான் நற்பதிப்பின் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை ஒரு மென்பொருளுக்குள் கண்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

*

இப்போது அவ்விரு நண்பர்களிடம் திரும்புவோம். மேற்சொன்ன நான்கும் டொமினோவுக்கு மட்டும் உரியவை அல்ல. அட்டவணையின்றி ஆவணமாகச் சேமிப்பதும், படிகள் தம்முள் ஒத்திசைவதும், முரணை அழிக்காமல் வைத்திருப்பதும் பிற்காலத்தில் வேறு பெயர்களோடு உலகெங்கும் புழங்கின. அதற்கு நல்ல சான்று டேமியன் கட்ஸ். நோட்ஸின் 6ஆம் பதிப்புக்காகச் சூத்திர இயந்திரத்தைப் புதிதாக எழுதியவர் அவர். அவரே 2005-இல் கவுச்டிபி என்னும் ஆவணத் தரவுத்தளத்தைத் தொடங்கினார். நோட்ஸில் கண்ட ஆவணமும் படியெடுப்பும் அதிலும் உண்டு. இரட்டை டாலர் உத்திகள் இல்லை. அவர் கொண்டுசென்றது இலக்கணத்தை. நம் மாணவரின் நண்பரும் தம் அளவில் அதைத்தான் செய்திருக்கிறார். 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று பயிற்சி வகுப்பில் கேட்டு ஆசிரியரை எரிச்சலூட்டுவாராம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. வேலை விளம்பரங்கள் பெயரைத்தான் கேட்கின்றன. கல்விக் கடனைக் கட்டத் தொடங்க வேண்டிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம், பெயரை விடு, இலக்கணத்தைப் பிடி என்று சம்பளம் வாங்கும் ஆசிரியர் உபதேசிப்பது எளிது. மூன்று மாதத்தில் வேலைக்கு ஆயத்தமாக்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி நிலையம், இரட்டை டாலரைத்தான் கற்றுத்தரும். நம் மாணவருக்கும் அப்பெயர் சோறு போட்டது. தங்கையின் திருமணத்தை நடத்தியது. அதை இகழும் உரிமை நமக்கில்லை. நாம் சொல்வது இவ்வளவே: முதல் வேலையைப் பெயர் வாங்கித் தரும், இரண்டாம் வேலைக்கு அது போதாது. முதல் வேலையில் இருக்கும்போதே இலக்கணத்தைத் தேட வேண்டும் என்பதையாவது கற்பிப்போர் சொல்லிவைக்க வேண்டும். நிரலின் வரிகளை இயந்திரமே எழுதித் தரும் இக்காலத்தில் இது இன்னும் அவசரமானது. மறைப்புச் சூத்திரம் கேட்டால் இயந்திரம் நொடியில் தரும். கேட்டிருக்க வேண்டியது வேறு என்று அறிய மனிதருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரின் போக்கை யாரும் முன்னறிய முடியாது என்பதற்கும் டொமினோவே சான்று. செத்துப்போன மென்பொருள் என்று பலர் கைவிட்ட அதை, வேறு சில மென்பொருள்களோடு சேர்த்து 180 கோடி டாலருக்கு வாங்குவதாக எச்சிஎல் நிறுவனம் 2018 டிசம்பரில் அறிவித்தது, 2019-இல் கைமாறியது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய சிவ நாடார் திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழியில் பிறந்தவர். கோவையில் பொறியியல் பயின்றவர். இல்லினாயில் விதையூன்றியது, ஒரு தமிழர் நிறுவிய நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. 2023 டிசம்பரில் 14ஆம் பதிப்பும் வெளிவந்தது. இருபதாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பயன்பாடுகளைப் பேணவும் அவற்றைப் புதிய உலாவிகளுக்கேற்ப மாற்றவும் ஆள் தேவைப்பட்டது. நம் மாணவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது அப்படித்தான். இப்போது புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் பொறுப்பு. முதல் நாள் படிவத்தைத் தொடுவதில்லையாம். ஆவணம் என்றால் என்ன, அதை யார் படிக்கலாம் என்று மட்டும் பேசுகிறாராம். "பதினோரு வருடம் செய்ததை இப்போதுதான் ஐயா படிக்கிறேன்" என்றார்.

விடைபெறும்போது, நெய்யரி என்று தம்மைச் சொல்லிக்கொண்டதை அவருக்கு நினைவூட்டினோம். அவர் மறந்திருந்தார். நாம் மறக்கவில்லை. நெய்யரியைப் பழிக்குமுன், அதில் ஊற்றியது என்ன என்று பார்க்க வேண்டாமா? நன்னூலை நாம் நடத்தும் முறையும் அப்பயிற்சி நிலையத்தின் அச்சடித்த குறிப்புகளைப் போன்றதுதான். நூற்பா, பொருள், எடுத்துக்காட்டு, ஐந்து மதிப்பெண். எழுத்தும் சொல்லும் ஏன் அவ்வாறு பகுக்கப்பட்டன என்று கேட்க நாம் அவருக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கியதில்லை. கணிதம் படித்த பிள்ளை. கேட்டிருந்தால் நம்மைவிட நன்றாகவே விளங்கிக்கொண்டிருப்பார். விளங்கியிருந்தால் அந்தக் கண்ணோடு டொமினோவையும் பார்த்திருக்கக்கூடும்.

இவ்வாண்டு அப்பகுதியை நடத்தும்போது குறிப்பெழுத வேண்டாம் என்றோம். இது தேர்வுக்கு வராதா ஐயா என்று ஒரு மாணவி கேட்டார். வரும் என்றோம். அவர் குழப்பத்தோடு பேனாவை மூடிவைத்தார். அன்றைய வகுப்பு நாம் எண்ணியபடி நடக்கவில்லை. பாதி நேரம் அமைதியாகவே கழிந்தது. அடுத்த வாரமும் அப்படியே நடத்துவதாக இருக்கிறோம்.